நாமினி உயிரோட கீறாங்களா?

ஆர்.டி. ஏஜென்ட் ஒரு வீட்டை விட்டுக் கிளம்பும்போது கடைசியாகக் கேட்பது, "அடுத்த மாசம் என்ன தேதிக்கு வரட்டும்?" என்பதுதான். என்னோடு பல வருஷம் ஊர் சுற்றிய ஏஜென்ட் துரைக்கண்ணுவை உயிரோடு கடைசியாகப் பார்த்த அன்று நான் அவனிடம் கேட்டதும் அதுவேதான், கொஞ்சம் திருப்பி. அப்போது நான் தொழிலில் இல்லை, அவனுக்கு வாடிக்கையாளன். செங்கல்பட்டு பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில் என் மாதத் தவணையை அவன் கையில் கொடுத்துவிட்டு, "அடுத்த மாசம் என்ன தேதிக்கு வருவே?" என்றேன். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னான்: "இன்னும் ஒரே வருசம் அண்ணாத்த. அப்புறம் தேதியாவது கீதியாவது."

அந்த ஒரு வருஷத்தை அவன் ஏழு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நாலாம் நாள் திருக்கழுக்குன்றத்தில் ஒரு வாடிக்கையாளர் வீட்டில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டவன், தண்ணீர் வருவதற்குள் போய்விட்டான். பணப்பை மடியில் இருந்ததாம். வயது அறுபத்துநாலு.

இந்தத் தொழில் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மாதாமாதம் சிறுகச் சேமிப்பவர்களின் வீட்டுக்கே போய்ப் பணத்தை வாங்கி, தபால் ஆபீசில் கட்டிவிட்டு, அதற்குக் கிடைக்கும் சொற்பக் கமிஷனில் பிழைப்பவன் ஆர்.டி. ஏஜென்ட். பணத்தை வாங்கிக்கொண்டு வருவதோடு முடிந்தால் பரவாயில்லை. எல்லா வீட்டிலும் ஒரு நாள் அந்தக் கேள்வி வரும்: "வேலைய விட்டுட்டு நிம்மதியா உக்கார எவ்வளவு இருந்தா போதும்?" நான் எட்டாவதோடு நின்றவன். வட்டிக் கணக்கையெல்லாம் பழைய பேப்பர் பார்த்துத் தானாகக் கற்றுக்கொண்டவன். துரைக்கண்ணு பத்தாவது. செங்கல்பட்டிலிருந்து புதுப்பட்டினம் வரை, அவன் பைக்கை ஓட்ட, நான் பின்னால் உட்கார, எத்தனையோ வீடுகளுக்கு அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தோம். கணக்கு முடிந்ததும் துரைக்கண்ணு தவறாமல் ஒன்று கேட்பான்: "நாமினி யாரு? உயிரோட கீறாங்களா?" கணக்குக்காரர் இறந்தால் பணம் யாருக்குப் போக வேண்டுமோ அவர்தான் நாமினி; பெயர் கேட்பது போல அவ்வளவு சாதாரணமாகக் கேட்பான். சிலர் முகம் சுளிப்பார்கள். அவன் விட மாட்டான்.

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அதே கணக்கைத் திரும்பத் திரும்பக் கூட்டித் தூக்கத்தைத் தொலைத்திருக்கும் என் இனத்தாரே, இதெல்லாம் உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

எத்தனை வயது வரை?

இந்தக் கணக்கில் செலவு, வட்டி, விலைவாசி எல்லாம் சுலபம். ஒரே ஓர் இடம்தான் சங்கடம். எத்தனை வயது வரை இருப்பீர்கள் என்று கேட்க வேண்டும். ஒருவர் வீட்டில் உட்கார்ந்து, அவர் கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டு, எப்போது சாவீர்கள் என்று எப்படிக் கேட்பது? அதனால் ஏஜென்டுகள் யாரும் கேட்பதில்லை. எண்பத்தைந்து என்று நாங்களே போட்டுக்கொள்வோம். அதற்காக யாரும் சண்டைக்கு வந்ததில்லை, ஒருவரைத் தவிர.

அவர் திருக்கழுக்குன்றத்துக்காரர். தனியார் பள்ளிக்கூடத்தில் கிளார்க். பென்ஷன் கிடையாது. ஓய்வு பெற ஆறு மாதம் இருந்தது. எண்பத்தைந்தைப் பார்த்ததும் உள்ளே போய், நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய தன் ஜாதகத்தைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் பிரித்தார். "எழுபத்தாறுக்கு மேல ஜோசியரே ஒண்ணும் எழுதல. மிச்சம் ஒம்போது வருசத்துக்கு நான் எதுக்குய்யா காசை முடக்கணும்?" என்றார். துரைக்கண்ணு சிரிப்பை அடக்கிக்கொண்டு மோரைக் குடித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் மனைவி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். இருவருக்கும் பதினோரு வயது வித்தியாசம் என்பது எனக்குத் தெரியும். இவர் ஜோசியர் சொன்ன தேதிக்குச் சரியாகப் புறப்பட்டுவிட்டால், அந்த அம்மாவுக்கு அப்போது அறுபத்தைந்து. அதற்கப்புறம் அவர் எதைச் சாப்பிடுவார்? கோபத்தை அடக்கிக்கொண்டு, "சரி சார், அம்மா ஜாதகத்தையும் எடுத்துட்டு வாங்க, ரெண்டையும் பாத்துக் கணக்குப் போட்டுடலாம்" என்றேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"அவ ஜாதகமா? அவளுக்கு எழுதவே இல்லியே!"

நாய்க்கு முந்நூறு

படாளத்தில் ஒருவர், கரும்பு எடைமேடையில் வேலை பார்த்தவர். எடைபோட்டே பழகிய மனிதர் என்பதால், தன் ஓய்வுக்காலச் செலவைத் தானே எழுதிவைத்துக்கொண்டு எங்களைக் கூப்பிட்டார். உரக்கப் படித்தார். டீ, பேப்பர், பைக்குக்குப் பெட்ரோல், பிரஷர் மாத்திரை, வெற்றிலை பாக்கு. கல்யாண மொய்க்குத் தனியாக ஒரு தொகை, "முகூர்த்த மாசம்னா இது ஏறும், பாத்துக்கோ" என்ற எச்சரிக்கையோடு. வீட்டு நாய்க்குப் பாலும் பிஸ்கட்டும் முந்நூறு ரூபாய். நெல் வீட்டிலேயே இருக்கிறதாம், அதனால் அரிசிக்கு ஒன்றுமில்லை. "எப்டி, கரெக்டா கீதா?" என்று நிமிர்ந்து பார்த்தார்.

அவர் மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். துரைக்கண்ணு அந்த அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஒண்ணை உட்டுட்டியே மாமா" என்றான். எடைமேடைக்காரர் யோசித்தார். நெற்றியைத் தட்டிக்கொண்டார். "ஆங்! கேபிளு!" என்று சொல்லி, கேபிளுக்கும் முந்நூறு எழுதினார். அந்த அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"நாய்க்கு முந்நூறு, கேபிளுக்கு முந்நூறு. நான் இன்னாய்யா, இந்த வூட்ல காத்தைக் குட்ச்சிகினா கீறேன்?"

எத்தினி புடிச்சேன்?

படாளத்திலிருந்து திரும்பும் வழியெல்லாம் துரைக்கண்ணு அந்த எடைமேடைக்காரரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அவன் சிரித்ததை இப்போது நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. காரணத்தைச் சொல்கிறேன்.

ஆர்.டி. ஏஜென்சியைப் பெண்களுக்குத்தான் கொடுப்பார்கள். பெண்கள் சொந்தக் காலில் நிற்கட்டும் என்று யாரோ நல்ல மனசோடு போட்ட விதி. எங்கள் பக்கத்தில் அது நடந்த விதம் வேறு. லைசென்ஸ் மனைவி பெயரில், பைக் கணவன் பெயரில். கமிஷன் மனைவியின் கணக்கில் விழும், ஏ.டி.எம். கார்டு கணவனின் சட்டைப்பையில் இருக்கும். நான் வைத்திருந்த ஏஜென்சி என் மனைவி பத்மாவுடையது. துரைக்கண்ணுவுடையது அவன் மனைவி சரோஜாவுடையது. பத்மா சும்மா கையெழுத்துப் போடுகிறவள் அல்ல. "என் தொழில் எப்படி நடக்குதுன்னு நான் பாக்க வேணாமா?" என்று மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பஸ் ஏறிப் புதுப்பட்டினம் வந்து, நாலு வீட்டில் உட்கார்ந்து பேசி, திரும்பும்போது சங்கரா மீன் வாங்கிக்கொண்டு போவாள். சரோஜாவை அப்படி யாரும் கூப்பிடவில்லை. அவளும் வரவில்லை.

மூன்று வருஷத்துக்கு ஒரு முறை லைசென்ஸைப் புதுப்பிக்க ஏஜென்ட் நேரில் வர வேண்டும். சரோஜா கல்யாணப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஆபீசில் இருந்த அதிகாரி நல்ல மனிதர், மரியாதையாக நாற்காலி போட்டு, "எத்தனை கணக்குப் பிடிச்சு வெச்சிருக்கீங்கம்மா?" என்று கேட்டார். சரோஜா தலையைத் திருப்பி, வாசலில் நின்ற துரைக்கண்ணுவைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டாள்:

"இன்னாய்யா, எத்தினி புடிச்சேன் நானு?"

கடற்கரையில் நாலு கோடி

துரைக்கண்ணு தனக்கென்று ஒரு கணக்கு வைத்திருந்தான். பன்னிரண்டு லட்சம். சொந்த வீடு இருக்கிறது. மகன் ஓசூரில் வேலைக்குப் போய்விட்டான். பன்னிரண்டு லட்சம் சேர்ந்ததும், ஐம்பத்தெட்டு வயதில் நிறுத்திவிடுவது. நிறுத்திவிட்டு என்ன செய்வாய் என்று கேட்டால் காசி, ராமேஸ்வரம் என்றெல்லாம் சொல்ல மாட்டான். "பகல்ல பதினோரு மணிக்கு என் வூட்டு ஃபேன் கீய படுக்கணும் அண்ணாத்த. கல்யாணம் ஆனதுலேர்ந்து பதினோரு மணிக்கு என் வூடு எப்டி கீதுன்னே எனக்குத் தெரியாது" என்பான். வசதியான ஓய்வு என்பதற்கு நான் கேட்ட விளக்கங்களில் இதைவிட நல்லது எதுவும் இல்லை.

அவனுக்கு ஐம்பத்தேழு நடக்கும்போது, பதினொன்று சேர்ந்துவிட்டிருந்தது. அப்போதுதான் ஏதோ ஒரு முதலீட்டுக் கம்பெனி எங்கள் பக்கத்து ஏஜென்டுகளையெல்லாம் ஏ.சி. பஸ்ஸில் ஏற்றி, மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு ரிசார்ட்டுக்குக் கூட்டிப்போனது. சட்டைக்காலரில் மைக் குத்திய இளைஞர் ஒருவர் பேசினார். திரையில் நரைத்த தலையோடு கணவனும் மனைவியும் வெள்ளை உடுப்பில், செருப்பில்லாமல், கடற்கரை மணலில் சிரித்துக்கொண்டே நடந்தார்கள். அது எந்த ஊர்க் கடலோ. எங்கள் மணலில் அந்த வெயிலில் செருப்பில்லாமல் நடந்தால் சிரிக்க முடியாது. பிறகு இளைஞர் ஆஸ்பத்திரிச் செலவு, விலைவாசி, வெளிநாட்டுப் பயணம் என்று ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போய், "வசதியாக ஓய்வு பெற உங்களுக்குத் தேவை நாலு கோடி" என்று முடித்தார். வீட்டுக்கு வீடு இருநூறும் ஐந்நூறும் வசூலித்துப் பிழைக்கும் நாங்கள் அத்தனை பேரும் நாலுக்குப் பின்னால் எத்தனை சைபர் என்று எண்ணிக்கொண்டிருந்தோம். அந்தக் கூடத்தில் நாற்பது லட்சத்தை மொத்தமாகப் பார்த்தவர்கூட ஒருவரும் இருந்திருக்க மாட்டார். எங்களை எதற்கு அழைத்தார்கள், எதற்காக அந்தப் பயத்தை எங்கள் தலையில் இறக்கினார்கள் என்று இன்றுவரை எனக்கு ஆறவில்லை. பயந்தவன் தங்கள் கம்பெனிக்குத்தான் ஓடி வருவான் என்று நினைத்திருப்பார்கள். வேறென்ன?

சாப்பாட்டு வரிசையில் துரைக்கண்ணு தட்டோடு அந்த இளைஞரிடம் போய், "சார், உங்களுக்கு எவ்ளோ சேர்ந்துகீது?" என்று கேட்டான். "எனக்கா? ஃபிளாட் லோனே இன்னும் இருபது வருஷம் பாக்கி இருக்கு சார்" என்றார் அவர், சிரித்துக்கொண்டே. நாங்களும் சிரித்தோம். ஆனால் திரும்பும் பஸ்ஸில் துரைக்கண்ணு விரல்விட்டு எதையோ எண்ணிக்கொண்டே வந்தான். பஸ் பூஞ்சேரி கூட்ரோட்டில் திரும்பும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னான்:

"அண்ணாத்த, பன்னெண்டு பத்தாது போல கீதே."

அப்பாவுக்கு என்ன செலவு?

பன்னிரண்டு இருபதாயிற்று. இருபதை நெருங்கியதும் முப்பது என்றான். ஐம்பத்தெட்டில் நிற்கவில்லை, அறுபதிலும் நிற்கவில்லை. எத்தனையோ பேருக்கு இதுவே போதும் என்று தைரியம் சொன்ன அவன் வாய், தனக்கு மட்டும் அதைச் சொல்லவில்லை. நான் சொன்னால், "ஒரு வருசம் அண்ணாத்த, ஒரே வருசம்" என்பான். "சரி, அந்த முப்பதுல சரோஜாவுக்கு எவ்வளவு?" என்று ஒரு முறை கேட்டேன். "அவளுக்கு தனியா இன்னாத்துக்கு? நான் கீறேன்ல?" என்றான். எடைமேடைக்காரரை நினைவுபடுத்தினேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில் புதுப்பட்டினத்தில் அருளப்பன் என்று ஒரு வாடிக்கையாளர் ஓய்வு பெற்றார். கேன்டீனில் சமையல் வேலை பார்த்தவர். கைக்கு வந்த மொத்தப் பணத்தை எதில் போடலாம் என்று கேட்பதற்காக எங்களை வரச் சொல்லியிருந்தார். நாங்கள் போனபோது, சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அவர் மகன் மடியில் லேப்டாப்போடு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். எங்களை முந்திக்கொண்டு கணக்கு முடிந்திருந்தது. "அங்கிள், அப்பாவுக்கு மாசம் மூவாயிரம் போதும். அவருக்கு என்ன செலவு? ரெண்டு டீ, ஞாயித்துக்கிழமை காணிக்கை. அதுக்குத் தேவையானதை மட்டும் உங்ககிட்ட போட்டுட்டு மீதிய என் ஃபிளாட்டுக்கு அட்வான்ஸா குடுத்துடறோம்" என்றான். முப்பத்தைந்து வருஷம் ஊருக்கு வடித்துக் கொட்டிய மனிதர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். அவரைக் கேட்காமலே, அவர் ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிக்கலாம் என்று இவன் முடிவு செய்துவிட்டான். எனக்கு ரத்தம் கொதித்தது. சொல்ல வாயெடுப்பதற்குள் அருளப்பன் கையமர்த்தினார். மகனை அருமையாகப் பார்த்துச் சொன்னார்:

"நைனா, அந்தப் பொட்டில இன்னொரு வரி சேத்துக்கோ. வூட்டு வாடகைன்னு. நீ குந்திகினு கீறது என் வூடு."

நான் ஓய்வு பெற்ற விதம்

நான் பத்மாவுக்குத் தனியாகக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அவர்கள் வீட்டுப் பெண்கள் நெடுநாள் இருப்பவர்கள். நான் எண்பத்தைந்து, அவள் தொண்ணூற்றைந்து என்று எடுத்துக்கொண்டு, எனக்குப் பிறகு அவள் யாரிடமும் கை நீட்டக் கூடாது என்று அவள் பெயரிலேயே டெபாசிட் போட்டேன். அதற்கு நாமினி நான். அவள் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடும்போது, "எனக்கு முன்னாடி நீங்க போயிடுவீங்கன்னு உங்களுக்கு யாரு சொன்னது?" என்று கேட்டாள். நாலு வருஷத்துக்கு முன்னால், சிறுநீரகம் கெட்டு, மூன்று மாதப் படுக்கையில் அவள்தான் முதலில் போனாள். அவளுக்காகப் போட்ட பணம் ஒரு வாரத்தில் எனக்கே திரும்பி வந்தது. காகிதம் சரியாக இருந்ததே.

காரியமெல்லாம் முடிந்து, அந்த மாத வசூல் விவரத்தோடு ஆபீசுக்குப் போனேன். கவுன்டரில் இருந்த அம்மா என் முகத்தைப் பார்க்கச் சங்கடப்பட்டுக்கொண்டு, ஏஜென்ட் இறந்தால் ஏஜென்சியும் முடிந்துவிடும் என்று சொன்னார். எனக்குத் தெரிந்த விதிதான். தெரிந்தும் போயிருந்தேன். முப்பது வருஷம் அலைந்தவன் எந்தப் பட்டியலிலும் இல்லை, இருந்தவள் பத்மா. என் வாடிக்கையாளர்களைத் துரைக்கண்ணு எடுத்துக்கொண்டான். அன்று என்னோடு படியிறங்கி வந்தவன், அழுவது போன்ற முகத்தோடு, ஆறுதல் சொல்வதாக நினைத்து ஒன்று சொன்னான். அதற்காகப் பத்து நாள் நான் அவனோடு பேசவில்லை.

"நீ குட்த்து வெச்சவன் அண்ணாத்த. கணக்கே போடாம ரிட்டயர் ஆய்ட்ட."

மாமியார் பெயர்

துரைக்கண்ணுவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், சரோஜா ஒரு துணிப்பையில் அவன் பாஸ்புக், டெபாசிட் காகிதங்களையெல்லாம் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். இருபத்திரண்டு லட்சம் இருந்தது. பன்னிரண்டு போதும் என்றவன், பத்து லட்சம் அதிகமாக வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அந்தப் பத்து லட்சத்துக்காக ஏழு வருஷம் வெயிலில் ஓடி, பகல் பதினோரு மணிக்கு, இன்னொருவர் வீட்டு ஃபேனுக்குக் கீழே செத்திருக்கிறான். நாலு கோடிக்காரர் இந்நேரம் வேறு எந்த ரிசார்ட்டில் பேசிக்கொண்டிருக்கிறாரோ.

"இதுல எனக்கு மாசம் எவ்ளோண்ணா வரும்?" என்று சரோஜா கேட்டாள். தன் ஓய்வுக்காலக் கணக்கை அவள் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்கிறாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரித்தேன். நாமினி என்ற இடத்தில் எல்லாவற்றிலும் ஒரே பெயர். கன்னியம்மாள். துரைக்கண்ணுவின் அம்மா. கல்யாணத்துக்கு முன்னால் முதல் கணக்கு ஆரம்பித்தபோது எழுதிய பெயர். ஊருக்கெல்லாம் ஃபாரம் நிரப்புகிறவன், தன்னுடையதை நிரப்பும்போது பழையதைப் பார்த்து அப்படியே எழுதிக்கொண்டு வந்திருக்கிறான். அந்தக் கிழவி இறந்து ஆறு வருஷமாகிறது. அப்புறமும் ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் அவள் பெயரே தொடர்ந்திருக்கிறது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும், "நாமினி யாரு? உயிரோட கீறாங்களா?" என்று கேட்டவன்!

எனக்கு அவன்மேல் வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? செத்தவனைத் திட்டக்கூட முடியாது. சரோஜாவுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல், பெயரை மட்டும் படித்துக் காட்டினேன். அவள் காகிதத்தை வாங்கி அந்தப் பெயரின்மேல் விரலை வைத்தாள்.

"கீறப்பவும் எங்கைல பத்து ரூபா குடுக்காத பொம்பள. செத்த பின்னாடியும் வந்து நடுவுல நிக்குது பாருண்ணா!"

யாரும்மா நீ?

வாரிசுச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதற்குத் துரைக்கண்ணுவின் இறப்புச் சான்றிதழ், அவன் அம்மாவின் இறப்புச் சான்றிதழ், ஓசூரிலிருந்து மகன் வந்து கையெழுத்து, வி.ஏ.ஓ., தாலுகா ஆபீஸ். யாரையும் குறை சொல்ல முடியாது; விதி அப்படி. ஆனால் மாதக்கணக்கில் ஆகும். அவள் கணக்கில் விழுந்த கமிஷனையும் அவன் அவ்வப்போது எடுத்துத் தன் பெயரில் போட்டுவிட்டதால், அதுவரை சரோஜாவின் கையில் எதுவும் இல்லை. இருபத்திரண்டு லட்சத்துக்குச் சொந்தக்காரி என்று ஊர் சொன்னது. மளிகைக்கடையில் கடன் சொன்னாள். அதற்குள் தேதி பத்தாகிவிட்டது. பதினைந்துக்குள் தவணை கட்டாவிட்டால் வாடிக்கையாளர்களுக்கு அபராதம் விழும். "லைசென்ஸு எம்பேர்லதான கீது? எங்கெங்க போவணும்னு மட்டும் காட்டுண்ணா" என்று சொல்லி, அந்த வாடிக்கையாளர் வீட்டார் அவன் மடியிலிருந்து எடுத்துவந்து கொடுத்த அதே பணப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். எனக்கு பைக் ஓட்டத் தெரியாது. தெரிந்திருந்தாலும் நாங்கள் இருவரும் ஒரே பைக்கில் போனால் ஊர் வாய் சும்மா இருக்காது. ஷேர் ஆட்டோவில் போனோம்.

முதல் வீடு, அந்த ஜாதகக்காரர் வீடு. எழுபத்தாறுக்கு மேல் எதுவும் இல்லை என்றவருக்கு எழுபத்தெட்டு நடக்கிறது. ஈசிசேரில் திடமாகச் சாய்ந்திருந்தார். அவர் ஒதுக்கிய பணம் அவருக்கு முன்னாலேயே தீர்ந்துபோயிற்று. ஜாதகம் எழுதப்படாத அந்த அம்மா அறுபத்தேழு வயதில் இட்லி மாவு அரைத்து விற்றுக் குடும்பத்தை நடத்துகிறார், ஆர்.டி.யும் அவர் பெயரில்தான். வாசலுக்கு வந்த அவருக்கு என்னைத் தெரிந்தது. பக்கத்தில் நின்ற சரோஜாவைத் தெரியவில்லை. மாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "யாரும்மா நீ?" என்று கேட்டார். நான் அறிமுகப்படுத்த வாயெடுத்தேன். சரோஜா என்னைப் பேச விடவில்லை.

"நான்தாம்மா ஏஜென்ட்டு. இருவத்தாறு வருசமா நான்தான்."

பணம் ஏழு மாதம் கழித்து வந்துவிட்டது. அதை மாதவட்டியில் போட்டுக் கொடுத்தேன், நாமினி, மகன். வட்டி அவளுக்குப் போதும், வேலையை நிறுத்தலாம் என்று கூட்டிக் காட்டினேன். "எதுக்கு நிறுத்தணும்? இப்பதான புடிக்கவே ஆரம்பிச்சிகிறேன்" என்கிறாள். ஏ.டி.எம். கார்டு அவள் பையில் இருக்கிறது. பகல் பதினோரு மணிக்கு வீட்டுக்கு வந்து, ஃபேனைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் படுத்துவிட்டுத்தான் அடுத்த தெருவுக்குப் போகிறாள்.

மாதாமாதம் எட்டாம் தேதி என் வீட்டுக்கும் வருகிறாள். தவணையை எண்ணி வாங்கிப் பையில் வைத்ததும், புருஷனிடமிருந்து தொற்றிக்கொண்ட பழக்கத்தில், தலையைத் தூக்காமலே கேட்கிறாள்: "நாமினி யாருண்ணா? உயிரோட கீறாங்களா?" கேட்ட பிறகுதான் அவளுக்கு உறைக்கும். நாக்கைக் கடித்துக்கொள்வாள். நான், "அடுத்த மாசம் மாத்திடறேம்மா" என்பேன்.

ஓய்வுக்கு எவ்வளவு வேண்டும் என்று ஊருக்கெல்லாம் கூட்டிச் சொன்னவனுடைய பாஸ்புக்கில், நாமினி என்ற இடத்தில், பத்மாவின் பெயர் இன்னும் இருக்கிறது.